தையல் போடும் முன் எண்ணுபவர்

“தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டினம்.”

இந்த ஒரு வசனத்துக்குப் பிறகு வைத்தியசாலை விறாந்தையில் காத்திருக்கும் நேரம் எவ்வளவு நீளமானது என்பதை எமது மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கதவு திறக்கிறது. பச்சை உடுப்புடன் ஒருவர் வெளியே வருகிறார். எல்லோரும் எழும்புகிறோம். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்று டொக்டர் சொன்னதும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அவருடைய பெயரை ஊருக்குப் போயும் சொல்லிக்கொண்டிருப்போம்.

அதே மேசையில், டொக்டருக்குப் பக்கத்திலோ எதிரிலோ, முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல் வரை நின்ற இன்னொருவர் இருக்கிறார். அவரது முகத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம். பார்த்திருந்தாலும் கண்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால், உள்ளே திறந்திருந்த வயிற்றை மூடலாம் என்று தீர்மானிக்கும் முன் டொக்டர் அவரைத்தான் கேட்டிருப்பார். அவர் “கணக்குச் சரி” என்று சொன்ன பிறகே தையல் தொடங்கியிருக்கும்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் கருவிகளை ஆயத்தப்படுத்தி, எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, எண்ணி முடிக்கும் அந்த மனிதரின் வேலை பற்றியது இந்தக் கட்டுரை. போரில் காயப்பட்டு, உடம்பில் இன்னும் இரும்புத் துண்டுகளோடு வாழும் ஒருவர் நாளைக்கு வேறொரு சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, அந்த எண்ணிக்கை சரியாக வருவதற்கு அவரும் உதவ முடியும். அதைச் சொல்வதுதான் இதன் நோக்கம்.

போரில் பிறந்த தொழில்

அமெரிக்காவில் இந்த வேலை ஒரு தனித் தொழில். ‘சத்திரசிகிச்சைத் தொழில்நுட்பவியலாளர்’ என்று அவர்களை அழைப்பார்கள். அவர்கள் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. அந்தத் தொழில் உருவான கதை எமக்கு அந்நியமானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது காயப்பட்டவர்களின் தொகைக்கு ஏற்பத் தாதியர் போதாமற் போனது. போர்முனைக்கும் போர்க்கப்பல்களுக்கும் தாதியரை அனுப்புவதும் இயலாதிருந்தது. ஆகவே இராணுவத்திலும் கடற்படையிலும் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கையாளப் பயிற்சி கொடுத்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைச் சாதாரண வைத்தியசாலைகள் வேலைக்கு எடுத்தன. 1969ஆம் ஆண்டு அவர்களுக்கென ஒரு தொழில்சார் சங்கம் உருவானது. பின்னர் பாடநெறி, பரீட்சை, சான்றிதழ் என்று அது வளர்ந்தது.

இலங்கையில் அப்படியொரு தனிப் பதவி பரவலாக இல்லை. எமது அரச வைத்தியசாலைகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தியேட்டரில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர்கள். நாம் ‘தியேட்டர் மிஸ்’ என்று சொல்பவர்கள். சத்திரசிகிச்சையின்போது அவர்களில் ஒருவர் கைகழுவி, கிருமிநீக்கிய மேலங்கியும் கையுறையும் அணிந்து மேசையில் நிற்பார். இன்னொருவர் மேசையைத் தொடாமல் வெளியே சுற்றி நின்று, தேவையானதை எடுத்துக் கொடுப்பார், பதிவு செய்வார். பதவியின் பெயர் நாட்டுக்கு நாடு வேறு. மேசையில் நிற்பவரின் பொறுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கத்தி வைக்கும் முன்

காலை எட்டு மணிக்குச் சத்திரசிகிச்சை என்றால் இவரது வேலை அதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். கருவிகள் எல்லாம் அழுத்தக் கொதிகலனுக்குள் நீராவியில் அவிக்கப்பட்டு வந்திருக்கும். நீர் சாதாரணமாகக் கொதிக்கும் 100 பாகை செல்சியஸ் போதாது. சில கிருமிகளின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். அழுத்தத்தைக் கூட்டி 121 பாகையிலோ 134 பாகையிலோ குறித்த நேரம் வைத்தால்தான் அவை சாகும். கருவிப் பொதியின்மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் கோடுகள் கறுப்பாக மாறியுள்ளனவா, பொதியின் துணி ஈரமாக இருக்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று இவர் பார்ப்பார். ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் பொதி முழுவதும் திரும்பிப் போகும். அனுபவமுள்ளவர் இதில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது கைகழுவல். விரல் நுனி, நக இடுக்கு, விரல்களின் நான்கு பக்கம், உள்ளங்கை, புறங்கை, முழங்கை வரை சில நிமிடங்கள் ஒழுங்குமுறையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு கைகள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, தோளுக்கு மேலே போகக் கூடாது. மூக்கு கடித்தாலும் சொறிய முடியாது. மேலங்கியின் முன்பக்கம், மார்பிலிருந்து மேசை மட்டம் வரை மட்டுமே சுத்தமான பகுதி. முதுகுப் பக்கம் சுத்தமற்றதாகவே கணிக்கப்படும்.

இன்று எல்லாச் சத்திரசிகிச்சையிலும் அணியும் இறப்பர் கையுறைகூட இந்த வேலையைச் செய்த ஒருவரின் கைகளால்தான் வந்தது. 1889ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கரோலின் ஹம்ப்டன் என்ற தாதி, சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹோல்ஸ்டெட்டின் மேசையில் கருவி கொடுத்துக்கொண்டிருந்தார். கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்திய பாதரச உப்புக் கரைசலால் அவரது கைகளின் தோல் புண்ணாகியது. வேலையை விடும் நிலை வந்தது. ஹோல்ஸ்டெட், குட்இயர் இறப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். தாதியின் கையைக் காக்க வந்த கையுறை, பிற்காலத்தில் நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பதாகவும் ஆனது.

கேட்கும் முன் நீளும் கை

சத்திரசிகிச்சை தொடங்கியதும் டொக்டரின் கண் காயத்தை விட்டு எடுபடாது. அவர் கையை மட்டும் நீட்டுவார். அந்தக் கைக்குள் சரியான கருவி, சரியான பக்கம், உடனே பாவிக்கக்கூடிய விதத்தில், அவர் உணரும் அளவு அழுத்தத்தோடு வந்து சேர வேண்டும். தையல் ஊசி என்றால் அது பிடிகருவியில் எந்த இடத்தில் கவ்வப்பட்டிருக்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் கணக்கு. இடக்கைக்காரரான டொக்டருக்கு எல்லாமே மறுபக்கம்.

புதிதாக வந்தவர் கேட்ட கருவியைக் கொடுப்பார். அனுபவமுள்ளவர் அடுத்து என்ன கேட்கப்படும் என்று அறிந்து முன்கூட்டியே கையில் வைத்திருப்பார். வீதி விபத்தில் மண்ணீரல் வெடித்த ஒருவரைக் கொண்டு வருகிறார்கள் என்றால், வயிற்றைத் திறந்ததும் இரத்தம் பொங்கி வரும் என்பது அவருக்குத் தெரியும். பெரிய துணிச் சுவாப்புகள் விரித்து வைக்கப்பட்டிருக்கும். இரத்தம் உறிஞ்சும் குழாய் ஒன்றுக்கு இரண்டாக ஆயத்தமாக இருக்கும். பெரிய கவ்விகள் மேசையின் முன்வரிசைக்கு வந்திருக்கும். அந்த இடத்தில் மிச்சப்படும் அரை நிமிடத்துக்கும் விலை உண்டு.

ஊசியையும் கத்தியையும் கைக்குக் கை கொடுக்காமல், ஒரு சிறு தட்டில் வைத்து மற்றவர் அதிலிருந்து எடுக்கும் முறை இன்று பல இடங்களில் உண்டு. ஈரல் அழற்சி போன்ற நோய்கள் ஊசிக் குத்தால் தொற்றக்கூடும் என்பதே காரணம். வெட்டி எடுத்த கட்டியோ நிணநீர்க் கணுவோ ஆய்வுகூடத்துக்குப் போகும்போது, அது யாருடையது, உடம்பின் எந்தப் பக்கத்தில் எடுத்தது என்ற விபரம் சரியாக எழுதப்படுவதிலும் இவருக்குப் பங்கு உண்டு. அங்கு ஒரு பெயர் மாறினால் ஒருவருக்கு வராத புற்றுநோய் வந்ததாகிவிடும்.

எண்ணிக்கை

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் பாரமானது எண்ணுவது.

சத்திரசிகிச்சை தொடங்கும் முன் ஒரு தடவை. வயிறு, நெஞ்சு போன்ற உட்குழியை மூடும் முன் ஒரு தடவை. தோலுக்குத் தையல் போடும்போது ஒரு தடவை. சிசேரியன் என்றால் கருப்பையை மூடும் முன் மேலதிகமாக ஒரு தடவை. இடையில் கடமை மாறி வேறொருவர் வந்தால் அப்போதும் எண்ண வேண்டும். மேசையில் நிற்பவரும் வெளியே நிற்பவரும் இருவராக, ஒன்றாகப் பார்த்து, வாய்விட்டுச் சத்தமாக எண்ண வேண்டும். வெளியே நிற்பவர் அதைப் பலகையில் எழுதுவார். சுவாப், ஊசி, கத்தி அலகு, கவ்வி எல்லாம் கணக்கில் வரும். ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கிடைக்க வேண்டும்.

இவ்வளவு ஏன் என்று தோன்றலாம். இரத்தத்தில் தோய்ந்த ஒரு சுவாப் குடலின் மடிப்புக்குள் போனால், அது சுவாப் என்று கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உள்ளே விடுபட்ட சுவாப் சீழ்க்கட்டியாக மாறலாம். குடலை அரித்து ஓட்டை போடலாம். சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு கட்டியென்று நினைத்துத் திறக்கும்போது துணி வெளியே வந்திருக்கிறது. அதனால்தான் சத்திரசிகிச்சைக்கான சுவாப்புகளில் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒரு நூல் வைத்துத் தயாரிக்கிறார்கள். கணக்குக் குறைந்தால் முதலில் காயத்துக்குள்ளும், பிறகு மேசையிலும் துணிகளிலும் குப்பைத் தொட்டியிலும் தரையிலும் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதுல் கவாண்டேயும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உடம்புக்குள் பொருட்கள் விடுபட்ட 54 நோயாளிகளைப் பற்றியது. விடுபட்டவற்றில் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்டவை சுவாப்புகள். அவசர சத்திரசிகிச்சையில் இந்த ஆபத்து ஒன்பது மடங்கு. சத்திரசிகிச்சையின் நடுவில் திட்டம் மாறினால் நான்கு மடங்கு. இன்னொரு விடயம் எல்லோரையும் யோசிக்க வைத்தது. எண்ணிக்கை செய்யப்பட்டு, பொருள் உள்ளே விடுபட்டிருந்த சம்பவங்களில் 88 வீதமானவற்றில் “கணக்குச் சரி” என்றே பதிவாகியிருந்தது. அதாவது களைப்பிலும் அவசரத்திலும் மனிதர் பிழையாக எண்ணியிருக்கிறார்கள்.

ஆகவே அனுபவமுள்ள ஒருவருக்கு வேண்டியது எண்ணத் தெரிவது மட்டுமல்ல. “டொக்டர், ஒரு சுவாப் குறையுது, மூட வேண்டாம்” என்று சொல்லும் துணிவு வேண்டும். நள்ளிரவு தாண்டிய நேரம். நிபுணர் களைத்துப் போயிருக்கிறார். அடுத்த நோயாளி வெளியே ட்ரொலியில் காத்திருக்கிறார். “நான் பார்த்திட்டேன், உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லை” என்கிறார் அவர். பதவிப் படிநிலை கடுமையாகப் பார்க்கப்படும் எமது சூழலில், அந்த இடத்தில் “இல்லை டொக்டர், இன்னொருக்கா பாப்பம்” என்று நிற்பது லேசான காரியமல்ல. நோயாளி மயக்கத்தில் கிடக்கிறார். அவருக்காக அந்த நேரத்தில் பேசக்கூடியவர்கள் அந்த அறைக்குள் இருக்கும் நாலைந்து பேர் மட்டுமே.

2009 ஜனவரி

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை அறிமுகப்படுத்தியது. மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலை வெட்டும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று கட்டங்களில் அதைச் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும். நோயாளியின் பெயர் என்ன, என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, கருவிகளின் கணக்குச் சரியா என்பவை அதில் அடங்கும். டொரொன்டோ, புதுடில்லி, அம்மான், மணிலா உட்பட எட்டு நகரங்களில் அதைப் பரீட்சித்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னரான மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்தன. இன்று இலங்கையின் பல வைத்தியசாலைகளிலும் இந்தப் பட்டியல் பயன்பாட்டில் இருக்கிறது.

அந்த முடிவுகள் மருத்துவச் சஞ்சிகையில் வெளியான மாதம் 2009 ஜனவரி.

அதே மாதத்தில் வன்னியில் வைத்தியசாலைகள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. பெப்ரவரி ஆரம்பத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகி, நோயாளர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பிறகு புதுமாத்தளன். அதன் பிறகு முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் இருந்த கட்டடம் எதுவோ அதுவே வைத்தியசாலை. மயக்க மருந்து, இரத்தம், பண்டேஜ் எல்லாவற்றுக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது. பயிற்சி பெற்ற சிலரோடு தொண்டர்களும் சேர்ந்து காயக்காரரைப் பார்த்தார்கள். வைத்தியசாலைக்குள்ளேயே உயிரிழப்பது எமக்கு அப்போதுதான் முதல் அனுபவமும் அல்ல. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் நடத்திய படுகொலையில் நோயாளர்களும், வைத்தியர், தாதியர் உட்படப் பணியாளர்களும் கொல்லப்பட்டார்கள்.

மேலே சொன்ன ஒவ்வொரு விதிக்கும் ஒரு அடிப்படை வேண்டும். அவிக்க மின்சாரம் வேண்டும். கழுவ ஓடும் நீர் வேண்டும். எண்ண இரண்டு பேரும் சில நிமிட அமைதியும் வேண்டும். எழுதிவைக்கப் பலகை வேண்டும். இவை எதுவும் இல்லாத இடத்தில் ஒருவரைக் காப்பாற்றுவதற்கு அந்தக் கணத்தில் எது முக்கியமோ அதை மட்டும் செய்தார்கள். இரத்தத்தை நிறுத்தினார்கள். அழுகிய பகுதியை அகற்றினார்கள். அடுத்தவரிடம் போனார்கள்.

அந்தக் காலத்தில் காயப்பட்ட பலரிடம் இன்றும் ஒரு மனக்குறை உண்டு: “என்ர காயத்தை மூடாமலே விட்டிட்டினம்.” அது பெரும்பாலும் கவனக்குறைவல்ல. வெடிபொருளால் ஏற்பட்ட காயத்துக்குள் மண், துணி, கிருமி எல்லாம் ஆழமாகப் போயிருக்கும். உடனே மூடித் தைத்தால் உள்ளே அழுகல் தொடங்கி உயிரைக் கொண்டுபோய்விடும். ஆகவே இறந்த சதையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்தபடி வைத்து, நாலைந்து நாட்களின் பின் சுத்தமாக இருந்தால் மூடுவதே போர்க்காயச் சத்திரசிகிச்சையின் விதி. அந்த இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு உரிய இடமோ நேரமோ எமது மக்களில் பலருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் துயரம். சிலருக்குக் கப்பலில் திருகோணமலைக்குப் போன பிறகே கிடைத்தது.

எக்ஸ்ரேயில் தெரியும் பழைய போர்

அப்படிப் பிழைத்து வந்த பலரது உடம்பில் எறிகணைச் சிதறல்கள் இன்னும் இருக்கின்றன. எமது பேச்சு வழக்கில் ‘பீஸ்’. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. ஆழத்தில் அமைதியாக இருக்கும் ஒரு துண்டைத் தேடி வெட்டுவது, அதை விட்டுவைப்பதைவிடக் கூடிய சேதத்தை ஏற்படுத்தலாம். மூட்டுக்குள் இருப்பது, பெரிய இரத்தக் குழாயையோ நரம்பையோ அழுத்துவது, சீழ் பிடித்தது போன்றவையே வழமையாக எடுக்கப்படும். ஈயச் சன்னம் மூட்டு நீரில் ஊறிக் கிடந்தால் ஈயம் இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால் அதையும் கவனிப்பார்கள்.

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். உங்களுக்கு வயது ஐம்பது ஆகிவிட்டது. பித்தப்பைக் கல்லுக்கோ குடலிறக்கத்துக்கோ சத்திரசிகிச்சைக்குப் போகிறீர்கள். கடைசி எண்ணிக்கையில் ஒரு சிறிய ஊசி குறைகிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உங்கள் வயிற்றில் ஏழெட்டு இடங்களில் சிறு உலோகப் புள்ளிகள் தெரிகின்றன. இதில் தேடும் ஊசி எது? 2009இல் வந்தது எது?

சத்திரசிகிச்சைக்கு முன்னரே எடுத்த ஒரு எக்ஸ்ரே அங்கே இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவெடுக்கலாம். இல்லாவிட்டால் நீங்கள் திறந்த வயிற்றோடு, மயக்கத்தில், இன்னும் நீண்ட நேரம் கிடக்க நேரும். உங்கள் உடம்பின் பழைய கணக்கு அவர்கள் கையில் இருந்தால்தான் அவர்களது புதிய கணக்கு சரியாக வரும்.

போக முன் சொல்ல வேண்டியவை

பலர் இவற்றைச் சொல்வதில்லை. “பழைய காயம்தானே, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்” என்று நினைக்கிறார்கள். காயப்பட்ட கதையைச் சொன்னால் வேறு கேள்விகள் வருமோ என்று பயப்படுவோரும் உண்டு. எங்கே, யாரால், எப்படிக் காயப்பட்டீர்கள் என்று சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லாமல் விடலாம். ஆனால் உடம்பில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

உலோகத் துண்டு எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பினால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருக்கும் துண்டு அசைவது பெரும் ஆபத்து. தியேட்டரில் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் மின்கருவிக்கு ஒரு தகட்டை உடம்பில் ஒட்டுவார்கள். தொடையிலோ இடுப்பிலோ உலோகமோ பெரிய தழும்போ இருந்தால் அந்தத் தகட்டை வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். தெரியாமல் ஒட்டினால் தோல் எரியலாம்.

முன்பு வயிறு திறக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். பழைய சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடல்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டியிருக்கும். அது முன்பே தெரிந்தால் கருவி மேசை வேறு விதமாக அடுக்கப்படும், நேரமும் கூடுதலாக ஒதுக்கப்படும். டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். பரவாயில்லை. வருடம், இடம், உடம்பின் எந்தப் பகுதி என்ற அளவு தெரிந்தாலே போதும்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு விடயங்களை நினைவில் வைக்க வேண்டும். வருடக்கணக்கில் சிறுநீர்க் குழாயும் இறப்பர் கையுறையும் பட்டுப்பட்டு, சிலருக்கு இறப்பர் ஒவ்வாமை உண்டாகும். முன்பு கையுறை பட்ட இடத்தில் தடிப்போ அரிப்போ வந்திருந்தால் சொல்லுங்கள். அப்போது இறப்பர் கலக்காத கையுறைகளை ஆயத்தப்படுத்த முடியும். மற்றது, நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு, வலி உணராத பகுதியில் வெட்டினாலும் இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். “எனக்குத்தான் உணர்ச்சி இல்லையே, ஊசி போடாமலே செய்யுங்கோ” என்று சொல்லிவிடாதீர்கள். படுக்கைப் புண் எங்கே இருந்தது என்பதையும் சொல்லுங்கள். மேசையில் கிடத்தும்போது அந்த இடத்துக்கு மெத்தை வைப்பார்கள்.

கால் அகற்றப்பட்டவர்களில் சிலருக்கு எலும்பின் நுனி மீண்டும் வளர்ந்து கூராகி, செயற்கைக் கால் போட முடியாமல் நோகும். இதைத் திருத்த மறு சத்திரசிகிச்சை உண்டு. எலும்பு நுனியை அரத்தால் மழுக்கி, தசையால் மூடி, தழும்பு அழுத்தம் படாத இடத்தில் வரும்படி தைப்பார்கள். செயற்கைக் கால் எந்த இடத்தில் நோகிறது என்பதை, முடிந்தால் காலையே கொண்டுபோய், சத்திரசிகிச்சைக்கு முந்திய நாளே காட்டுங்கள்.

கடைசியாக, பலர் வாய் திறக்காத ஒன்று. கை கால்களைப் பட்டியால் கட்டுவது, தலைக்கு மேல் கடும் வெளிச்சம், இரத்த வாடை, உலோகம் விழும் சத்தம் என்பவை சிலரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். போரை அனுபவித்தவர்களில் சிலர் மயக்கம் தெளியும்போது கத்திப் பதறி எழும்ப முயல்வதுண்டு. இது பைத்தியமும் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. மயக்க மருந்து நிபுணரிடமும் தியேட்டர் மிஸ்ஸிடமும் முன்பே ஒரு வசனம் சொன்னால் போதும். பட்டி போடும் முன் சொல்லிவிட்டுப் போடுவார்கள். கண் விழிக்கும்போது பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்லவும், தமிழில் விளக்கம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. விளங்காத மொழியில் உள்ள சம்மதப் படிவத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

வெளியே வந்த பின்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தபின் டயக்னோசிஸ் கார்டையும், புதிய எக்ஸ்ரேயையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தாள்கள் தொலைந்துபோகும் வாழ்க்கையை நாம் பார்த்துவிட்டோம். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிதல், காரணம் தெரியாத கட்டி, குறையாத நோ என்பவை இருந்தால் “ஆறிடும்” என்று இருக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

தியேட்டர் வாசலில் ட்ரொலியில் கிடக்கும்போது ஒருவர் வந்து உங்கள் பெயரைக் கேட்பார். என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பக்கம் என்று கேட்பார். வார்ட்டிலும் கேட்டிருப்பார்கள். மேசையில் ஏற்றிய பிறகும் கேட்பார்கள். “எத்தனை தரம் கேக்கிறியள்” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வியிலிருந்துதான் அவர்களது கணக்கு தொடங்குகிறது. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு, “மிஸ், எனக்கு வயித்துக்குள்ள பீஸ் இருக்கு, எக்ஸ்ரே கொண்டு வந்திருக்கிறன்” என்றும் சொல்லுங்கள்.